துணை நடிகர் விருதும் ஓர் எருமையும்

டிசம்பர் 9

காலை பத்து மணிக்கு சான்டா பெலிசா நகராட்சியிலிருந்து இருவர் வந்து என்னைத் திரைப்பட விழா நடுவராக நியமித்துவிட்டுப் போனார்கள். நான் அப்போது பனியன் துவைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

விவரம் பின்வருமாறு. பிலிப்பைன்ஸ் தலைநகரில் கிறிஸ்துமஸ் நாட்களில் உள்நாட்டுப் படங்களை மட்டும் ஓட்டி விருது கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து இந்தச் சின்னத் துறைமுக ஊரும் தனக்கென்று ஒரு விழா வைத்துக்கொண்டது. ஆறு படங்கள், ஐந்து நடுவர்கள். நடுவர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும். ஊர்க்காரர்களை மட்டும் வைத்தால் விழா முடிந்த பிறகு யாரும் யாரோடும் பேசுவதில்லையாம். போன வருடம் ஒரு கொரிய நீச்சல் பயிற்சியாளர் இருந்தார். அவர் நாடு திரும்பிவிட்டார்.

என் மகள் ஸ்டெல்லா இங்கே மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அப்பா சென்னையில் நாளிதழ் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார், வீட்டில் சும்மா இருக்கிறார் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தகவல்தான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

வந்தவர்களில் ஒருவர் விழாச் செயலாளர் மாம் செரஃபினா. மேடம் என்பதை இங்கே மாம் என்கிறார்கள். அவர் என் பெயரைக் கேட்டார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“கஸ்பார் பர்னாந்து.”

பேனா நின்றது. “சார், இது எங்க ஊர்ப் பேராச்சே!”

தூத்துக்குடி, போர்த்துக்கீசியர், ஞானஸ்நானம் என்று பல நூற்றாண்டுச் சரித்திரத்தைச் சுருக்கிச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

“நான் நம்பறேன் சார். தோத்தவங்க நம்பணுமே. இந்த ஊர்ல பர்னாந்துன்னு முப்பது குடும்பம் இருக்கு. உங்களைப் பார்த்த உடனே வெளிநாட்டுக்காரர்னு தெரியணும். உங்க நாட்டு உடுப்புல வந்துடுங்க.”

டிசம்பர் 10

என்னிடம் வேட்டி இல்லை. வீட்டில் சாரம், அதாவது லுங்கி, வெளியே பேன்ட். இதுதான் என் வழக்கம். சாரத்தோடு போகிறேன் என்றேன்.

“யப்பா, மானத்த வாங்காதீங்க” என்றாள் ஸ்டெல்லா.

அவளிடம் படிக்கும் தருமபுரி மாணவர் ஒருவரிடமிருந்து வேட்டி வந்தது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ரகம். ஒட்டும் பட்டை பாதி தேய்ந்திருக்கிறது.

டிசம்பர் 11

நாங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஆத்தே மிந்தாவின் சாப்பாட்டுக் கடை. ஆத்தே என்றால் இங்கே அக்கா, குயா என்றால் அண்ணன். என்னைவிட வயதில் இளையவர்களையும் நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் பூண்டு போட்டுப் புரட்டிய சோறு, பொரித்த கருவாடு, ஒரு முட்டை. தூத்துக்குடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆத்தே மிந்தாவின் கணவர் குயா போயிங். விமானத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஊரில் ஆண்களுக்கு அப்படியெல்லாம் செல்லப்பெயர் உண்டு. முழுப்பெயர் ரோமுலோ பத்துங்பாக்கால். தொழில், சினிமாவில் சாவது. முப்பது வருடமாக வில்லனின் அடியாளாக நடிக்கிறார். எந்தப் படத்திலும் பாதி தாண்டியதில்லை. சந்தைக்குப் போனால் மீன்காரர்கள் விரலைத் துப்பாக்கியாக நீட்டி “டுமீல்” என்கிறார்கள். அவர் கூடையை ஓரமாக வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். சாயாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். இன்று என்னோடு மீன் வாங்க வந்தவர் மூன்று இடத்தில் செத்தார். மூன்றாவது இடத்தில் தரை ஈரமாக இருந்தது. அதற்காகத் தயங்கவில்லை.

இன்றைய செய்தி: இந்த வருடம் சிறந்த துணை நடிகர் போட்டியில் அவர் பெயர் இருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆத்தே மிந்தா சோறு போடும் ஒவ்வொருவரிடமும் பேசுகிறார். என்னிடமும் சொன்னார். நான் நடுவர் என்பதை அப்போது தெரிவித்தேன்.

என் தட்டில் இரண்டாவது முட்டை வந்தது.

வேலையில் இருந்தவரை செய்தி சம்பந்தப்பட்டவரிடம் ஒரு டீகூட நான் குடித்ததில்லை. முட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

“கோழி ஏற்கெனவே போட்டுடுச்சே, சார் கஸ்பார்” என்றார்.

சாப்பிட்டேன்.

டிசம்பர் 13

நடுவர்களைப் படம் பார்க்க அழைத்துப்போக வேன் அமர்த்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் குயா போயிங். போட்டியாளர் ஓட்டும் வண்டியில் நடுவர் ஏறலாமா என்று மாம் செரஃபினாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

“ஊர்ல வேன் வெச்சிருக்கிறவங்க மூணு பேரு சார். ஒருத்தர் போட்டிப் படத்தோட தயாரிப்பாளர். இன்னொருத்தர் நடுவர் குழுத் தலைவரோட சம்பந்தி, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இருக்கிறதுலயே நடுநிலையானவர் இவர்தான்.”

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி தேலா பாஸ். அவர் வேனில் ஏறியதும் ஒரு தீர்ப்பு வழங்கினார்: வண்டிக்குள் போட்டியாளர் நடுவர்களோடு ஒரு சொல்லும் பேசக் கூடாது. குயா போயிங் புருவத்தை மட்டும் தூக்கினார். இங்கே அதற்கு ஆமாம் என்று பொருள். வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. ஆனால் முன்னிருக்கையில் ஆத்தே மிந்தா உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை.

“இவருக்குப் பேச வராதுன்னு நினைச்சுடாதீங்க. நல்லாப் பேசுவார். சாகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வசனம் கொடுத்தாங்கன்னா—”

நீதிபதி இருமினார். “அம்மா, இந்த வண்டி இப்போ நீதிமன்றம் மாதிரி.”

“சரிங்க ஐயா. பிபிங்கா எடுத்துக்குங்க.”

பிபிங்கா என்பது வாழையிலையில் சுட்ட அரிசிப் பணியாரம். நீதிமன்றம் இரண்டு எடுத்துக்கொண்டது. மற்ற மூன்று நடுவர்கள்: பல் மருத்துவர் லிம், பள்ளி முதல்வர் சிஸ்டர் பெனிஞ்ஞா, வனெஸ்ஸா என்ற முன்னாள் நகர அழகி, இப்போது காப்பீட்டு முகவர். நால்வரும் சாப்பிட்டார்கள். நானும்.

டிசம்பர் 15

துணை நடிகர் போட்டியில் இரண்டே பெயர்கள். ஒன்று குயா போயிங். மற்றது “கப்பித்தான்”. இந்த ஊரில் கப்பித்தான் என்றால் ஊர்த்தலைவர். யாரோ ஓர் ஊர்த்தலைவர் நடித்திருக்கிறார் என்று விழாக் குழுவும் நினைத்தது, நாங்களும் நினைத்தோம். இன்று அந்தப் படம். ஓர் ஏழை உழவரின் கதை. ஒரு மணி நேரம் ஓடியது. ஊர்த்தலைவர் யாரும் வரவில்லை.

டாக்டர் லிம் பொறுமை இழந்தார். “கப்பித்தான் எப்பதான் வருவார்?”

“அவர் முதல் காட்சியிலேருந்து இருக்காரே டாக்டர்” என்றார் சிஸ்டர் பெனிஞ்ஞா. “கொம்பு இருக்கு பாருங்க.”

எருமை. உழவரின் எருமைக்கடா. அதன் பெயர்தான் கப்பித்தான்.

படம் முடிந்ததும் மாம் செரஃபினா பெயரை நீக்கிவிடலாம் என்றார். நீதிபதி விதிகளை எடுத்துவரச் சொல்லி இரண்டு முறை படித்தார். போட்டியாளர் மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பெயரைத் திரையில் போட்டிருக்கிறார்கள், விண்ணப்பம் நேரத்துக்கு வந்திருக்கிறது. நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்.

ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். உழவரின் மனைவி இறந்து கிடக்கும் காட்சியில் அந்த எருமை வெளியிலிருந்து சன்னலுக்குள் தலையை நீட்டி நிற்கிறது. வெட்டே இல்லாமல் நீளமாக எடுத்த காட்சி. ஓர் ஈ அதன் கண்ணோரம் நடக்கிறது. எருமை இமைக்கவில்லை. அரங்கில் யாரும் பிபிங்கா மெல்லவில்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “சின்ன வயசுல நான் பிந்தி எந்திச்சா என்னைய ‘எரும’ன்னு ஏசுவீங்கள்ல. அதுக்கு இப்ப விருதாப்பா?” என்றாள்.

டிசம்பர் 17

மாதா கோவிலில் விடிகாலைப் பூசை. பிறகு சலவை. பிறகு குயா போயிங்கின் படம்.

போலீஸ் சிரிப்புப் படம். கல்யாண விருந்தில் அவரைச் சுடுகிறார்கள். பதினொரு நிமிடம் சாகிறார். கேக்கின் மேல் விழுகிறார், எழுகிறார், மணப்பெண்ணின் அத்தையோடு ஒரு சுற்று ஆடுகிறார், சூப்பில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு ஊதுகிறார், மறுபடி விழுகிறார். சிஸ்டர் பெனிஞ்ஞா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வனெஸ்ஸா இருக்கையிலிருந்து நழுவினார். நானும் சிரித்தேன். சத்தமாக என்று டாக்டர் லிம் சொல்கிறார்.

கடைசியில் கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. உயிர் போகிற அந்த நேரத்தில் அவர் கண் திரும்பிக் கேமராவைப் பார்த்துவிட்டது. ஒரு கணம்தான். மற்றவர்கள் கவனித்தார்களா என்று தெரியாது. நான் குறித்துக்கொண்டேன்.

எருமை ஒரு தடவைகூட கேமராவைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 18

மூன்று முட்டை.

டிசம்பர் 21

ஊர்வலம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அலங்கார ஊர்தி. நடிகர்கள் அதன்மேல் நின்று கூட்டத்துக்கு மிட்டாய் எறிவார்கள். இந்த ஊர் வழக்கப்படி ஊர்திகளைக் காகிதத்தால் அலங்கரிக்கக் கூடாது. காய், கனி, இலை, கதிர் மட்டுமே. குயா போயிங்கின் தயாரிப்பாளர் ஒரு லாரியை அனுப்பியதோடு சரி. ஆத்தே மிந்தாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கடையை மூடிவிட்டு வேலை செய்தார்கள். கத்தரிக்காயில் ஒரு பெரிய துப்பாக்கி. அதற்கு மேலே ஆள் உயர எழுத்துகளில், பச்சைப் பசேலென்று வள்ளைக்கீரையில், ரோமுலோ பத்துங்பாக்கால்.

அதற்கு அடுத்த ஊர்தியில் கப்பித்தான் வந்தது. கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், மெலித்தோன் என்ற விவசாயி. மிட்டாய்க் கூடையைக் கையில் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் எறியாமல் தானே தின்றுகொண்டிருந்தார்.

சந்தை முக்கில் நெரிசல். ஊர்வலம் நின்றுவிட்டது. கப்பித்தானின் மூக்குக்கு எதிரே கீரை.

முதலில் “ரோமுலோ”வைத் தின்றது. அவசரப்படவில்லை. ஆத்தே மிந்தா குடையோடு ஏறி அதன் நெற்றியில் அடித்தார். “டேய், அது என் புருஷன் பேருடா!” எருமை கொம்பை அசைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிற்று. கூட்டம் கூச்சலிட்டது. குயா போயிங் மேலிருந்து குனிந்தார்.

“விடு மிந்தா. போட்டிக்கு வந்தவரைப் பட்டினி போடக் கூடாது.”

யாரோ “டுமீல்” என்றார்கள். அவர் கத்தரிக்காய்களின் மேல் செத்தார். கூட்டம் இன்னும் கேட்டது. மறுபடி செத்தார். தெரு முடியும்வரை செத்துக்கொண்டே போனார். ஆத்தே மிந்தா மட்டும் லாரி ஓரத்தில் உட்கார்ந்து, கடித்த தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஏதாவது எழுத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறந்த ஊர்தி விருது கப்பித்தானின் ஊர்திக்கு. முழுமையாக வந்து சேர்ந்தது என்பது காரணம்.

அந்தப் பரிசைக் கொடுத்த மேடையில் கடற்காற்றுக்கு என் வேட்டியின் ஒட்டுப் பட்டை விட்டுக்கொடுத்தது. சிஸ்டர் பெனிஞ்ஞா தலை முக்காட்டிலிருந்து இரண்டு ஊக்கு கழற்றிக் கொடுத்தார். நான் வெளிநாட்டவர் என்பதில் ஊருக்கு இனிச் சந்தேகம் இருக்காது.

டிசம்பர் 25

பூசை. ஆத்தே மிந்தா வீட்டில் விருந்து. கூப்பிட்டார்கள், போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். குயா போயிங் ஒரு புதுச் சட்டையைக் காட்டினார். அன்னாசி நாரில் நெய்த மெல்லிய சட்டை. இந்த நாட்டில் விசேஷங்களுக்குப் போடுவது.

“விருதுக்காக இல்ல சார். சும்மா, எப்பவாவது தேவைப்படும்னு.”

பித்தான்களை எல்லாம் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மடித்து வைத்தார்.

டிசம்பர் 26

நடுவர் கூட்டம். மற்ற விருதுகள் காலையிலேயே முடிந்தன. துணை நடிகர் விருது மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போயிற்று. யார் என்ன பேசினார்கள் என்பதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சிஸ்டர் பெனிஞ்ஞா: “அந்த மனுஷன் முப்பது வருஷமா நமக்காகச் செத்திருக்கார். ஆண்டவருக்கு அடுத்தபடியா அவர்தான்.”

டாக்டர் லிம்: “எருமையோட பல்வரிசை அருமை. அதோட, அழுகைக் காட்சியில மூக்கைச் சிந்தல. நம்ம நடிகர்கள் எல்லாரும் சிந்துறாங்க.”

வனெஸ்ஸா: “நான் அழகிப் போட்டியில தோத்தப்போ ஜெயிச்சவ மனுஷி. அதனால தாங்கிக்கிட்டேன். எருமைகிட்டத் தோத்தா ஒருத்தர் எப்படித் தெருவுல நடப்பார்?”

நீதிபதி: “இரக்கம் சட்டமாகாது. சன்னல் காட்சியைப் பாருங்க. நடிப்புன்னா அது.”

பிறகு என்னைப் பார்த்தார்கள். வாக்குச்சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தோம். முடிவு: மூன்றுக்கு இரண்டு என்று கப்பித்தான் வெற்றி. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது ரகசியம். உறுதிமொழி எடுத்திருக்கிறோம். என் வாக்கை இங்கேயும் எழுத மாட்டேன்.

இங்கே ஒரு வழக்கம். பெயரை அறிவிக்கும் முன் வெற்றியாளரைப் பற்றிச் சில வரிகள் வாசிப்பார்கள். நான் நிருபர் என்பதால் எல்லா விருதுக்கும் எழுதும் வேலையை நீதிபதி என் தலையில் கட்டினார். மற்றவற்றை மளமளவென்று முடித்துவிட்டேன். கடைசி ஒன்றுக்கு மாலை ஆகிவிட்டது. ஓர் எருமையைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. எழுதியது இது:

“பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்று பாரம் சுமந்தவர். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், சாயச் சொன்னபோது மண்ணில் சாய்ந்தார். வசனம் கேட்டதில்லை. மற்றவர்கள் நாயகர்களாக நடந்து வர நிலத்தைப் பதப்படுத்தி வைத்தவர். இவர் இல்லாமல் கதை நகர்ந்ததில்லை. இவர் பெயரை யாரும் கேட்டதும் இல்லை. இன்று கேட்கப் போகிறோம்.”

நீதிபதி வாசித்துவிட்டுத் தலையாட்டினார். “ரொம்பப் பொருத்தம். எருமை கண் முன்னால வந்து நிக்குது.”

கடைக்குப் போனேன். புளிக் குழம்பில் மீன் தலை. ஆத்தே மிந்தா எதிரே உட்கார்ந்தார். முடிவைக் கேட்கவில்லை. வேறு ஏதோ பேச்சில் சொன்னார்:

“அந்தக் கடைசிக் காட்சி பார்த்தீங்களா சார்? முகத்துக்குக் கிட்ட வர்ற காட்சி? இத்தனை வருஷத்துல கேமரா இவர் பக்கத்துல வந்ததே அன்னைக்குத்தான். பின்னாடி நிக்கிற கதாநாயகனை எடுக்கத்தான் வருதுபோல, நாம மறைக்கிறோமோன்னு ஒரு தடவை கேமராவைப் பார்த்துட்டாராம். நல்லவேளை, யாரும் கவனிக்கலையாம்.”

கை கழுவிக்கொண்டு எழுந்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 27

காலையில் வேனைக் கழுவித் துடைத்தேன். தூசியாக இருந்தது. குயா போயிங் தடுத்தார். உடற்பயிற்சி என்றேன்.

பிறகு கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதில் பாவம் எங்கே இருக்கிறது என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன். ‘அருள் நிறைந்த மரியே’ செபம் ஒரு முறை சொல்லச் சொன்னார். நான் எழும்போது பாவசங்கீர்த்தனக் கூண்டின் சல்லடைக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டார்: “அப்போ எருமைதானா?”

டிசம்பர் 28

நேற்று மாலை நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

விழா, வணிக வளாகத்தின் நான்காவது மாடித் திரையரங்கில். கப்பித்தானை எஸ்கலேட்டரில் ஏற்றக் காவலர்கள் மறுத்தார்கள். ஆகவே அதுவும் மெலித்தோனும் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். நடுவர்களுக்கு முதல் வரிசை. இரண்டு வரிசை தள்ளி, நடைவழியை ஒட்டி, குயா போயிங்கும் ஆத்தே மிந்தாவும். அவர் அன்னாசி நார்ச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வானொலி அறிவிப்பாளர் ஒருவர் மேடையில் நின்று துணை நடிகர் விருது என்றார். என் வரிகளை வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல். வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

“பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்று பாரம் சுமந்தவர்.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஆத்தே மிந்தா கணவரின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

“சாயச் சொன்னபோது மண்ணில் சாய்ந்தார். வசனம் கேட்டதில்லை.”

அரங்கில் பலர் அவர் பக்கம் திரும்பினார்கள். யாரோ தோளில் தட்டினார்கள். ஆத்தே மிந்தா முழங்கையை விட்டுவிட்டு முதுகில் கை வைத்துத் தள்ளினார். “இவர் பெயரை யாரும் கேட்டதும் இல்லை” என்றபோது குயா போயிங் எழுந்துவிட்டார். “இன்று கேட்கப் போகிறோம்” என்றபோது மேடைப் படிகளில் இருந்தார். அறிவிப்பாளர் கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை.

“கப்பித்தான்!”

வாத்தியக் குழு முழங்கியது. பிறகு அதுவும் நின்றது.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு நான் சாட்சி அல்ல. தலை நிமிர்ந்தபோது அவர் மேடையின் நடுவில் இருந்தார். அறிவிப்பாளரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“கப்பித்தானால வர முடியல” என்றார். “கீழ கார் நிறுத்துற இடத்துல இருக்கார். அதனால அவர் சார்பா வாங்கிக்கச் சொல்லி என்கிட்டக் கேட்டுக்கிட்டார்.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார்.

“முதல்ல கடவுளுக்கு நன்றி சொல்லச் சொன்னார். அப்புறம் கீரைக்கு. அப்புறம் இயக்குநருக்கு. ஏன்னா இத்தனை வருஷத்துல யாரும் என்னை… கப்பித்தானைப் பக்கத்துல வெச்சு எடுத்ததில்ல. எப்பவும் தூரத்துலதான், மத்தவங்களுக்குப் பின்னாடி. குறை சொல்லல. பின்னாடியும் யாராவது நிக்கணுமில்ல.”

சிரிப்பு. இம்முறை கொஞ்சம் குறைவு.

“வீட்டுக்காரிக்கு நன்றி. கப்பித்தானோட வீட்டுக்காரிக்கு. ஒவ்வொரு படத்துக்கும் தெருவையே கூட்டிட்டு வரும். ‘கண்ணை மூடாதீங்க, மூடினா போயிடுவார்’னு எல்லாரையும் மிரட்டி உட்கார வைக்கும். படம் முடிஞ்சு வெளிய வந்து, ‘இன்னைக்கு நல்லாச் செத்தே’ன்னு சொல்லும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மறுநாள் வேலைக்குப் போனேன். கப்பித்தான் போனார்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அவ்வளவுதான் சொல்லச் சொன்னார். மூ… அப்படின்னும் சொன்னார்.”

கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நீதிபதியும் டாக்டர் லிம்மும்கூட. எனக்குப் பின்னால் மேயர் மாம் செரஃபினாவிடம், “நல்ல ஏற்பாடு, யாரோட யோசனை?” என்று கேட்டார். “குழுவோட யோசனை சார்” என்றார் அவர் தயங்காமல். இன்று ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஸ்டெல்லாவும்.

நடிப்பு என்று எடுத்துக்கொண்டால், இந்த விழாவில் நான் பார்த்தவற்றில் சிறந்தது அந்தப் பேச்சு. பேசி முடிக்கும்வரை அவர் நேராகப் பார்த்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் வாக்கெடுப்பு முந்தின நாளே முடிந்துவிட்டது.

டிசம்பர் 29

கோப்பையை மெலித்தோனின் வீட்டில் சேர்ப்பிக்க குயா போயிங் கிளம்பினார். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஆத்தே மிந்தா வரவில்லை, கடையில் கூட்டம். ஊருக்கு வெளியே நெல்வயல்கள். கப்பித்தான் சேற்றில் கழுத்தளவு கிடந்தது. மெலித்தோன் கோப்பையை அதன் முன் நீட்டினார். நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்தாயிற்று. வண்டிக்குள் பேசக் கூடாது என்ற தீர்ப்பு காலாவதியாகிவிட்டது என்று அவருக்கு நினைவூட்டினேன்.

“அப்படின்னா ஒண்ணு கேக்கலாமா சார் கஸ்பார்?”

வாக்கு ரகசியம் என்று சொல்லத் தயாரானேன்.

“அந்த வரிகளை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எருமையைப் பத்தியா எழுதினீங்க?”

இப்படி நேராகக் கேள்வி கேட்டு எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். பதில் வராவிட்டால், பதில் கிடைத்துவிட்டது என்று அறைக்குத் திரும்பிச் செய்தி எழுதுவேன். இன்று நான் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  அவர் புருவத்தைத் தூக்கி, தனக்குத்தானே ஆமாம் சொல்லிக்கொண்டார்.

“மிந்தா அதைக் கடையில மாட்டணும்கிறா. உங்க கையால எழுதித் தர்றீங்களா? கடைசியில கப்பித்தான் பேர் இருந்தா இருக்கட்டும் சார். அவர்தானே ஜெயிச்சார்.”

வீட்டுக்கு வந்து தடித்த காகிதம் ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், என் வரிகளை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. விருது கப்பித்தானுடையது, வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது, அதையும் மாற்றவில்லை. கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் சற்று யோசித்தேன். பிறகு எங்கள் பத்திரிகையில் பிழை வந்துவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுவது எப்படியோ அப்படியே ஒரு கட்டம் போட்டு எழுதினேன். அதன் தமிழ் வடிவம்:

“திருத்தம். டிசம்பர் 27 அன்று விழாவில் வாசிக்கப்பட்ட மேற்கண்ட வரிகளின் இறுதியில் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. அதை ரோமுலோ பத்துங்பாக்கால் என்று திருத்தி வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தவறுக்கு வருந்துகிறேன். கஸ்பார் பர்னாந்து, நிருபர்.”